மனிதத் தவறு என்று சொல்லப்பட்ட அஞ்சலா

சென்ற வருடக் கடைசியில், மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதியில் கூட்டம் ஒன்று நடந்தது. தானாக இயங்கும் ஆலைகளைப் பற்றியது. பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். செங்கலடிப் பக்கத்தில் தங்கள் நிறுவனம் நவீனப்படுத்திக் கொடுத்த நெல் ஆலை ஒன்றின் படம் வந்தது. பளபளக்கும் இயந்திரங்கள், கழுவித் துடைத்த தரை, மருந்துக்கும் ஒரு மனித முகம் இல்லை.

"இந்த ஆலை தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது. பெரிதாக நின்றது ஒரேயொரு தடவைதான். அதுவும் இயந்திரத்தின் பிழையால் அல்ல, மனிதத் தவறால்" என்றார் அவர். மண்டபம் கை தட்டியது.

கையில் இருந்த தேநீரை நான் கீழே வைத்தேன். அந்த மனிதத் தவறை எனக்குத் தெரியும். அதன் பெயர் அஞ்சலா. என் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளிக் குடியிருக்கிறார்.

அன்று பின்னேரமே போய் அவரிடம் சொன்னேன். கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர பேரச் சொன்னாங்களா?"

"இல்ல அக்கா."

"ஏன் சொல்லல்ல? சொல்லியிருக்கோணும். அஞ்சலாதான் மில்லை நிப்பாட்டினவ, இன்ன காரணத்துக்கு நிப்பாட்டினவ எண்டு சொல்லியிருக்கோணும். பேரச் சொன்னா காரணத்தையும் சொல்லவேண்டி வந்திரும். அதுதான் அவங்களுக்குப் பயம்."

காரணத்தை அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன்.

அஞ்சலாவின் தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை நகரில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தவர். யுத்த காலத்தில் அச்சகம் எரிந்தது. மகளின் படிப்பும் அதோடு நின்றது. அஞ்சலா குவைத்துக்குப் போய்ச் சில வருடங்கள் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, எங்கள் ஊரில் மேசன் வேலை செய்யும் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். வினாயகமூர்த்தி முதலாளியின் நெல் ஆலையில் அவர் சேர்ந்தபோது அங்கே ஒரு கொட்டகை நிறையப் பெண்கள் இருந்தார்கள். சுளகை வைத்துக்கொண்டு கல்லும் கறுப்பு அரிசியும் பொறுக்குவது அவர்கள் வேலை. பிறகு, அரிசியின் நிறத்தைப் பார்த்துத் தானே பிரிக்கும் இயந்திரம் வந்தது. கொட்டகை காலியானது. அஞ்சலாவுக்கு மூடை தைக்கத் தெரிந்திருந்ததால் அவரை மட்டும் வேறு சிலரோடு பொதி செய்யும் பகுதிக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பின்னர் வந்ததுதான் முழு ஆலையையும் கணினியே நடத்தும் ஏற்பாடு. நெல்லை எவ்வளவு நேரம் அவிப்பது, எவ்வளவு சூட்டில் காயவைப்பது, எந்தப் பட்டியை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்று எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது. பட்டியில் வரும் மூடைகளைத் தூக்கி அடுக்க ஓர் இரும்புக் கை வந்தது. ஆலைப் பெண்கள் அதற்குத் 'தும்பிக்கை' என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அஞ்சலா இயந்திரத்துக்கு எதிரானவர் என்று பின்னாளில் ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். அது பச்சைப் பொய். தும்பிக்கை வந்த கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னார். "மூடை இழுத்து இழுத்து என்ர இடுப்பு செத்துப்போச்சுகா. இப்ப அது தூக்குது, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். கும்பிடோணும் போல இரிக்கி" என்றார். பொருத்த வந்தவர்கள் அந்தக் கையைச் சுற்றிக் கண்கள் போலச் சில கருவிகளை வைத்திருந்தார்கள். ஆள் கிட்டப் போனால் தும்பிக்கையும் பட்டியும் தாமாக நின்றுவிடும். அதற்கும் மேலே, அவசரத்துக்கு யாரும் அழுத்தி நிறுத்தலாம் என்று சுவர்களில் சிவப்புப் பொத்தான்கள் இருந்தன.

சிக்கல் தவிட்டில் தொடங்கியது. நெல் ஆலை என்றால் தூசி பறக்கும். தூசி அந்தக் கண்களில் படிந்தது. கண்ணில் தூசி விழுந்தால் கிட்ட ஆள் நிற்கிறது என்று நினைத்து இயந்திரம் நின்றுவிடும். துடைத்துவிட்டால் ஓடும்; கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். பெரும்போக அறுவடை நேரம். பதுளை வீதியில் நெல் லொறிகள் வரிசையாக நின்றன. போதாக்குறைக்குப் பருவம் தப்பிய மழையும் பெய்தது. ஈர நெல்லை வைத்துக்கொண்டு விவசாயிகள் கத்த, முதலாளி இந்த ஏற்பாட்டைப் பொருத்திய கொழும்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார்.

கொழும்பில் இருந்தவர்கள் அங்கிருந்தபடியே கணினியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அன்றிலிருந்து ஆள் கிட்டப் போனால் இயந்திரம் நிற்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தூசியை உறிஞ்சி எடுக்க ஒரு வழி செய்திருக்கலாம். அது செலவு. கண்ணை மூடிவிடுவது சும்மா கிடைக்கும்.

அடுத்ததாகச் சிவப்புப் பொத்தான்கள். தொழிலாளர்கள் தேவையில்லாமல் அழுத்துகிறார்கள் என்று சொல்லி அவற்றுக்கு மேலே தடித்த பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டினார்கள். அந்தப் பூட்டுகளின் திறப்பு, கணினித் திரைகள் இருக்கும் அறையில், மேற்பார்வையாளரின் மேசைக்குள். அதாவது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அதை நிறுத்தும் உரிமை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கதிரையில் இருக்கிறவருக்குத்தான் உண்டு.

பூட்டுப் போட வந்தவர் ஜெயந்தன். ஆலையின் இளம் பொறியியலாளர், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைதான். அஞ்சலா அவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்.

"சேர், என்ன வேலை இது? ஆருக்காவது ஒண்டு நடந்தா நாங்க ஓடிப்போய்த் திறப்பு வாங்கி வந்தா நிப்பாட்டுற?"

"எனக்கும் இது விருப்பமில்ல அக்கா. மேல இருந்து சொல்றாங்க. ஆபத்து எண்டா சிஸ்டம் தானே கண்டுபிடிச்சு நிக்குமாம்."

"அதின்ர கண்ணத்தானே மூடிப்போட்டீங்க?"

ஜெயந்தன் அடுத்த பொத்தானுக்குப் போனார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். தெரியாமல் செய்தால் பாவம் என்று விடலாம்.

அஞ்சலா முதலாளியிடமும் போனார். வினாயகமூர்த்தி கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் கொடுப்பவர், ஆளைக் கண்டால் நின்று சுகம் விசாரிப்பவர். சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "நீ ஏன் புள்ள பயப்பிடுறாய்? மனிசன விட மெசின் வடிவாப் பாக்கும். அதுக்கு நித்திர வாறல்ல, பராக்குப் பாக்கிறல்ல."

இரண்டு கிழமை போகவில்லை.

ஸுஹைனா ஏறாவூரிலிருந்து வேலைக்கு வருகிறவர். தும்பிக்கைக்குப் பக்கத்தில் சிந்தும் அரிசியைக் கூட்டி அள்ளுவது அவர் பொறுப்பு. சின்னப் பிள்ளைகள் இரண்டு. கணவர் இஷாம் ஓட்டோ ஓடுகிறார். அஞ்சலாவோடு நல்ல ஒட்டு. நோன்பு காலத்தில் அஞ்சலா அவருக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்; நத்தார்ப் பண்டிகைக்கு ஸுஹைனா வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுப்பார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். பட்டியின் தொங்கலில், அது சுற்றித் திரும்பும் உருளைக்குக் கிட்ட, ஒரு மூடை வெடித்து அரிசி கொட்டியது. பட்டி தானாகவே நின்றது. சுவரிலிருந்த திரை சிவந்து மின்னத் தொடங்கியது. திரை சிவந்தால் அந்தப் பகுதிக்குக் கெட்ட பெயர். கெதியாகத் துப்புரவாக்கி விடுவதுதான் அங்கே எழுதாத சட்டம். ஸுஹைனா விளக்குமாற்றோடு உள்ளே போய்க் குனிந்து, உருளைக்குக் கீழே கிடந்த அரிசியை இழுத்தார். தடை நீங்கிவிட்டதாகக் கணினி தீர்மானித்தது. பட்டியை ஓட்டிவிட்டது. யாரையும் கேட்கவில்லை, ஒரு மணி அடிக்கவில்லை. ஆள் கிட்ட நிற்கிறது என்று மட்டும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும், மெதுவாக ஓட்டியது. ஸுஹைனாவின் சட்டைக் கையை உருளை பிடித்தது. துணிக்குப் பின்னால் கை போனது.

"அல்லாஹ்! அஞ்சலாக்கா! என்ர கை!"

மெதுவாக. அந்த மெதுவைப் பற்றி அஞ்சலா பிறகு என்னிடம் சொன்னார். "வேகமா ஓடியிருந்தா ஒரு நொடியில முடிஞ்சிருக்கும் தம்பி. இது அப்படியில்ல. ஆறுதலா இழுத்தது. அவள் கத்தக் கத்த இழுத்தது."

தைக்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு அஞ்சலா சிவப்புப் பொத்தானுக்கு ஓடினார். மூடியைக் கையால் அடித்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அடித்தார். உடையவில்லை. மற்றப் பெண்கள் ஸுஹைனாவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலறினார்கள். கண்ணாடி அறையில் யாரும் இல்லை. ஆலைதான் தன்னைத் தானே நடத்துகிறதே! மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார்.

அஞ்சலா வெளியே ஓடினார். கொட்டகைக்குப் பின்னால் மின்சார அறை. கதவில் மண்டை ஓட்டுப் படம் போட்டு, உள்ளே போகத் தடை என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஆலை முழுவதற்கும் மின்சாரம் போகும் பெரிய சுவிச் அங்கேதான். அவர் கதவைத் தள்ளி உள்ளே போய், இரண்டு கையாலும் அந்தப் பிடியைப் பிடித்து, முழுப் பாரத்தையும் கொடுத்து இறக்கினார்.

ஆலை நின்றது. பட்டி, தும்பிக்கை, காயவைக்கும் விசிறிகள், நெல்லை மேலே தூக்கும் வாளிகள், திரைகள் எல்லாமே. அந்த அமைதியில் ஸுஹைனா அழுவது மட்டும் கேட்டதாம்.

உருளையைக் கழற்றிக் கையை எடுத்து, ஆலையின் வான் வண்டியில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக அஞ்சலாவின் மடியில்தான் ஸுஹைனாவின் தலை இருந்தது. வைத்தியர்கள் பாடுபட்டுக் கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்தக் கையின் விரல்கள் இனி மடியாது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் முழங்கை வரை போயிருக்கும் என்று சொன்னார்கள்.

அடுத்த நாள் அஞ்சலாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்த மனுசி நினைத்தாராம்! முதலாளி இருந்தார், ஜெயந்தன் இருந்தார், மடிக்கணினித் திரையில் கொழும்பு ஆள் ஒருவர் இருந்தார். மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தியதால் அவித்த நெல் காயாமல் கிடந்து புளித்துப்போனதையும், தும்பிக்கையின் கட்டளைகள் குழம்பிப்போனதையும்தான் முதலில் பேசினார்கள். பிறகு திரையில் இருந்தவர் பேசினார். ஜெயந்தன் தமிழில் சொன்னார்.

"சிஸ்டம் அதுக்குச் சொன்ன மாதிரித்தான் வேலை செய்திருக்காம் அக்கா. பிழை விட்டது ரெண்டு பேராம். ஒராள் போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கா. மற்றாள் அனுமதி இல்லாம மெயின் சுவிச்ச இறக்கியிருக்கா."

"ஆரிட்ட அனுமதி கேக்கிற?" என்றார் அஞ்சலா. "புள்ளையின்ர கை உள்ளுக்க கிடக்கு. கண்ணாடி அறையில ஒருத்தரும் இல்ல. மெசினிட்டயா கேக்கிற?"

முதலாளி, "சத்தம் போடாதே புள்ள. அவசரத்தில செய்திட்டாய், விளங்குது. ஆனா நட்டம் நட்டம்தானே?" என்றார்.

அந்த இடத்தில்தான் அஞ்சலாவுக்குப் பொறி பறந்தது. குவைத்தில் வாயைத் திறக்காமல் வேலை செய்து பழகிய பெண் அவர். ஆனால் அன்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்று பேசினார்.

"தானா ஓடும் எண்டீங்க. தானா பாக்கும் எண்டீங்க. தானா யோசிச்சு முடிவெடுக்கும் எண்டீங்க. அரிசி நல்லா வந்தா அது மெசின்ட கெட்டித்தனம். கை போனா மட்டும் எங்கட பிழையா? அவ்வளவு யோசிக்கிற சாமான் பிழைக்கும் பொறுப்பெடுக்கட்டுமே! இல்லாட்டி அதின்ர கண்ண மூடினவங்க எடுங்க. பட்டனப் பூட்டினவங்க எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. அன்றே அஞ்சலாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஸுஹைனா இருந்த ஆஸ்பத்திரிக்கும் ஆள் அனுப்பினார்கள். தன் கவனக்குறைவுதான், அஞ்சலா ஆலையை நிறுத்தியிருக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னால் உதவி செய்வதாக. இஷாம் பயந்த மனிதர். பிள்ளைகளை நினைத்து, சொல்லிவிடுவோம் என்றார். கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடந்த ஸுஹைனா, "அஞ்சலாக்கா இல்லாட்டி நீங்க என்ர மையித்தத்தான் எடுத்து அடக்கியிருப்பீங்க. அவவுக்கு எதிரா என்ர வாயால ஒரு சொல்லும் வராது" என்றார். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலை பொதி செய்யும் பகுதிப் பெண்கள் ஆலைக்குள் போகவில்லை. வாசலில், நெல் லொறிகளுக்கு முன்னால் குந்தினார்கள். செய்தி எடுக்க நானும் போயிருந்தேன். பொத்தானின் பூட்டைக் கழற்று, அஞ்சலாவைத் திரும்ப எடு என்று இரண்டே கோரிக்கை. முதலாளி முதலில் சிரித்தார். ஆட்கள் தேவைப்படாத ஆலை, நீங்கள் குந்தினால் என்ன, எழும்பினால் என்ன என்றார். ஆனால் அரிசி சிந்தினால் அள்ள, பட்டி சிக்கினால் எடுத்துவிட, தூசியைத் துடைக்க, தைத்த மூடையைப் பார்த்து அனுப்ப யார் இருக்கிறார்கள்? மத்தியானத்துக்குள் தும்பிக்கை நின்றுவிட்டது. தன்னைத் தானே நடத்தும் ஆலைக்கு விளக்குமாறு பிடிக்க ஆள் இல்லை!

லொறிக்காரர்கள் பெண்களை ஏசத் தொடங்கினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அஞ்சலா லொறி லொறியாகப் போய் நடந்ததைச் சொன்னார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆச்சிப்பிள்ளை என்றொரு பெண், தன் வட்டை வயலில் விளைந்த நெல்லோடு தானே வந்திருந்தவர், லொறியின் முன் இருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கினார். நேராக வாசலுக்குப் போய் முதலாளியைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு பூட்டுக்காகவா இவ்வளவு நெல்லையும் மழையில வைச்சிரிக்கிறாய்? என்ர நெல்லு முளைக்கப் போகுது. திறந்து விடு, இல்லாட்டி நான் வேற மில்லுக்குப் போறன்."

அவர் லொறியைத் திருப்பச் சொன்னார். பின்னால் நின்ற இன்னும் சில லொறிகளும் உறுமின. அன்று பின்னேரமே ஜெயந்தன் வந்து மூடிகளைக் கழற்றினார். ஆள் கிட்டப் போனால் இயந்திரம் முழுதாக நிற்கும்படி கொழும்பில் பழையபடி மாற்றினார்கள். தூசி உறிஞ்சும் குழாய்களும் பிறகு வந்தன. முன்பு செய்ய மறுத்த எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குள் செய்தார்கள்.

இதை வெற்றி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு தாயின் கை நொறுங்கியபோது அசையாத முதலாளி, நெல் நனையும் என்றதும் அசைந்தார். எதற்கு அங்கே மதிப்பு அதிகம் என்பதை அன்று வாசலில் நின்ற எல்லோரும் கண்டோம்.

அஞ்சலாவை மட்டும் அவர்கள் திரும்ப எடுக்கவில்லை. பூட்டுக் கழன்றதோடு மற்றப் பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள்; அஞ்சலா தொழில் அலுவலகத்தில் முறையிட, விசாரணை நடந்தது. விசாரித்த பெண் அதிகாரி நேராகவே கேட்டார்: "இயந்திரம் நிற்காதபடி மாற்றச் சொன்னது யார்?" நிறுவனத்தார், ஆலை கேட்டது என்றார்கள். முதலாளி, அதெல்லாம் நிறுவனத்தின் தொழில்நுட்பம், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கணினி பரிந்துரைத்தது என்றுகூட ஒருவர் சொன்னார்! அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அப்படியென்றால் கணினியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதனிடமே கேட்கிறேன்" என்றார். அப்போது ஜெயந்தன் எழும்பினார். "பூட்டுப் போட்டது நான்தான் மிஸ். போடச் சொன்னது முதலாளி. மாற்றச் சொல்லி அவர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன்" என்றார். அடுத்த மாதம் அவருக்கும் அங்கே வேலை இல்லை. இப்போது கட்டாரில் இருக்கிறார்.

அஞ்சலாவை நிறுத்தியது தவறு, ஸுஹைனாவுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முதலாளி அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறார். வழக்குத் தவணைக்கு மேல் தவணையாகப் போகிறது. இடையில் ஒரு தடவை சமாதானம் பேச ஆள் வந்தது. அஞ்சலா வேலைக்கு வரலாம், ஸுஹைனாவின் விஷயத்தில் தலையிடாமல் இருந்தால் போதும் என்றார்கள். அஞ்சலா அந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, குடித்து முடியும்வரை பொறுத்திருந்து, வெளியே போகும் படலையைக் காட்டினார்.

இப்போது அவர் குருக்கள்மடத்தில் தேங்காயெண்ணெய் எடுக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை செய்கிறார். விடியக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த அஞ்சலாவின் வீட்டில் ஆட்கள் கூடியிருந்ததைக் கண்டு நானும் போனேன். வேறொரு நெல் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய ஆலையிலும் இதே மாதிரி ஏற்பாடு பொருத்துகிறார்களாம். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வந்திருந்தார்கள். இஷாமின் ஓட்டோவில் ஸுஹைனாவும் வந்து சேர்ந்தார்.

அஞ்சலா சுற்றிவளைக்கவில்லை. "மெசின் வரட்டும், வேண்டாம் எண்டு சொல்லாதீங்க. மூடை தூக்கி நாங்க செத்தது போதும். ஆனா அதுக்குப் பக்கத்தில நிக்கிற ஒவ்வொருத்திக்கும் அத நிப்பாட்டக் கை எட்டோணும். அத எழுத்தில தந்தாத்தான் உள்ள போறம் எண்டு சொல்லுங்க. மறுகா பாப்பம் எண்டு சொல்லுவாங்க. விடாதீங்க."

ஒரு பெண் தயங்கினார். "நாங்க சொன்னா கேப்பாங்களா அக்கா? வேலையால நிப்பாட்டிட்டா?"

ஸுஹைனா தன் முக்காட்டுக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து, விரல்கள் விறைத்தபடி, எல்லோரும் பார்க்க மேசையில் வைத்தார். நெடுநேரம் அங்கேயே வைத்திருந்தார்.

அடுத்த நாள் காலை அந்தப் பெண்கள் தங்கள் ஆலை வாசலில் ஒன்றாக நின்றார்கள். இதை நான் எழுதும்வரைக்கும் உள்ளே போகவில்லை.